பூசி மறைத்த பழுதும் வாங்கியவரின் உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பக்கம் வீடு வாங்குவோர் பலரும் தை பிறந்ததும் பேச்சைத் தொடங்கி, வைகாசிக்குள் பத்திரத்தை முடித்துவிடுகிறார்கள். கோடையில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். பெயின்ட் வாசம் போகாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுகிறார்கள். ஐப்பசி அடைமழையின் இரண்டாம் நாள் படுக்கையறை மேல்தளத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுகிறது. கார்த்திகையில் அந்த வட்டத்தின் நடுவே பூச்சு உப்பி உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிகிறது. விற்றவருக்குப் போன் போட்டால் "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். பத்திரம் எழுதியவரோ "வில்லங்கம் ஒண்ணும் இல்லையே, சொத்து சுத்தமாத்தானே இருக்கு" என்கிறார்.

இந்த இரண்டு பதிலையும் கேட்டுவிட்டு, தலையெழுத்து என்று கடன் வாங்கித் தளத்தைச் சரிசெய்துகொள்ளும் குடும்பங்கள் ஏராளம். சட்டம் அவர்களை அப்படிக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் மழை ஓய்ந்ததும் கொத்தனாரை அழைத்துப் பூசிவிடுவதால், வழக்குக்கு வேண்டிய சான்று அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடுகிறது. பூசுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், யாரிடம் எந்தச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும் என்பதை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, வீட்டை விற்றவர் யார் என்பது. பதில் மாறினால் போக வேண்டிய வாசலும் மாறும்.

அடுக்குமாடிக் குடியிருப்பையோ, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டத்தில் கட்டிய வீட்டையோ கட்டுநரிடமிருந்து வாங்கியிருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கிறது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14(3)-ம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து, அதை நீங்கள் கட்டுநருக்குத் தெரிவித்தால், 30 நாளுக்குள் அவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். அவருக்குக் குறை முன்பே தெரியுமா தெரியாதா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. குறை இருந்ததைக் காட்டினால் போதும். சில ஒப்பந்தங்களில் "ஓராண்டு மட்டுமே உத்தரவாதம்" என்று அச்சடித்திருப்பார்கள். சட்டம் தரும் 5 ஆண்டை அந்த வரி குறைத்துவிடாது. இந்த 5 ஆண்டு பத்திரத் தேதியிலிருந்து ஓடுவதில்லை, வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்தே ஓடுகிறது. ஆகவே சாவி வாங்கும்போது கொடுத்த ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: முதலில் வாங்கியவரிடமிருந்து அந்த வீட்டை மறுவிற்பனையில் வாங்கியவரையும் இந்தச் சட்டம் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்றே கணக்கில் கொள்கிறது. 2022-ல் ஒப்படைத்த வீட்டை 2025-ல் இரண்டாம் கையாக வாங்கியவரும் மீதமுள்ள காலத்துக்குக் கட்டுநரைக் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது.

கட்டுநர் தரப்பு வழக்கமாக எடுக்கும் வாதம், "நீங்கள் சுவரை உடைத்தீர்கள், ஏசிக்குத் துளை போட்டீர்கள், அதனால்தான் விரிசல்" என்பது. உள்வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வைத்தவருக்கு இந்த வாதம் பெரிய தொல்லை தராது. பீம், தூண், தளம் இவற்றில் துளை போடும் வேலையைப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள்.

திட்டத்தின் நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், நம் கணக்கில் சுமார் 12 சென்ட், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால் ரெரா பதிவு கட்டாயமில்லை. ஆனையூர், விளாங்குடி, திருப்பாலை, அவனியாபுரம் என்று நகரின் விளிம்பில் நாலு பிளாட்டை வாங்கி நாலு தனி வீடு கட்டி விற்கும் சிறு கட்டுநர்கள் பலர் இதற்குள் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எதிராக ரெரா வாசலில் நின்றால், பெரும்பாலும் உங்கள் திட்டம் எங்கள் வரம்பில் இல்லை என்ற பதிலே கிடைக்கும். அங்கே நுகர்வோர் ஆணையம்தான் வழி. வீடு கட்டித் தருவது சேவை என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீடு கட்டுமானத்தைச் சேவை என்றே எழுதியிருக்கிறது. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

ரெராவில் பதிவான திட்டத்தில் வாங்கியவரும் விரும்பினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2020-ல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் வைக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகை, பழைய வீட்டை ஒரு தனிநபரிடமிருந்து வாங்குவது. மதுரையில் இதுவே அதிகம், சிக்கலும் இதிலேயே அதிகம். தனிநபர் தம் வீட்டை விற்பது சேவை ஆகாது. வெறும் சொத்து விற்பனையில் நுகர்வோர் புகார் நிற்பதில்லை. அங்கே புகார் போட்டு ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்குக் காலமும் செலவும்தான் வீண். இவர்களுக்கான சட்டம் 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ம் பிரிவு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை எதுவும் சொத்தில் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே தீர வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே முடிக்கிறது. பட்டா, வில்லங்கம் பற்றி மட்டுமல்ல, சொத்தின் உடம்பில் உள்ள குறையைப் பற்றியும் இது பேசுகிறது. 'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற பதிலுக்குச் சட்டத்தில் உள்ள மறுமொழி இதுதான்.

ஆனால் இங்கே மூன்றை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. பழுது வாங்குவதற்கு முன்பே இருந்தது. விற்றவருக்கு அது தெரியும். பார்த்தால் தெரியாதபடி அது மறைந்திருந்தது. மூன்றில் கடினமானது நடுவில் உள்ளது. மனதில் இருந்ததை எப்படிக் காட்டுவது? சுவரைக் கொண்டுதான் காட்ட வேண்டும்.

தளத்திலிருந்து உதிர்ந்த ஒரு துண்டை எடுத்து, உடைந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கம்பியை ஒட்டி அடுக்கடுக்காக உரியும் கருஞ்சிவப்புத் துரு இருக்கும். அதன் மேல் வேறு நிறத்தில், மணல் குறைந்து சிமென்ட் மிகுந்த ஒட்டுப் பூச்சு. அதன் மேல் வெள்ளைப் பட்டி. எல்லாவற்றுக்கும் மேல் நீங்கள் வாங்கியபோது பார்த்த புதுப் பெயின்ட். அடுக்காக உரியும் துரு ஒரு மழையில் வருவதல்ல, வருடக்கணக்கில் சேர்வது. அதன் மேல் ஒட்டுப் பூச்சு இருந்தால், யாரோ துருவைக் கண்ணால் பார்த்து, ஆள் வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெயின்ட் சில்லு ஒன்றை ஓரமாகப் பிடித்தாலும் அதே கதைதான்: நனைந்து கறுத்த பழைய பெயின்டின் மேலேயே பட்டி இழுத்திருப்பார்கள். இப்படி ஒரு துண்டு பத்து வாய்மொழிச் சாட்சிக்குச் சமம். அதைத்தான் நம்மவர்கள் பெருக்கி அள்ளிக் குப்பையில் போடுகிறார்கள்.

விழுந்த துண்டுகளை மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி, அறை, எந்த மூலை என்று எழுதி ஒட்டுங்கள். தளம் விழும் நிலையில் இருந்தால் இரும்பு ஜாக்கியோ சவுக்குக் கட்டையோ முட்டுக் கொடுத்து அறையைப் பூட்டுங்கள். அதற்கு ஆன செலவுக்கும் பில் வாங்குங்கள், அதுவும் நஷ்டக் கணக்கில் சேரும். படம் எடுக்கும்போது முதலில் அறை முழுவதும், பிறகு அந்தச் சுவர், பிறகு பழுதை நெருங்கி, அளவு டேப்பை அதன் மேல் வைத்து எடுங்கள். படமும் வீடியோவும் நீதிமன்றத்தில் ஏற, 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதற்காக, படம் எடுத்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். புரோக்கரும் விற்றவரும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், விற்பனை விளம்பரப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதே விதி.

அடுத்து, அந்த வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்தவரைத் தேடுங்கள். "ஐப்பசி வந்தா அந்த ரூம்ல சட்டி வைக்கணும், ஓனர்கிட்ட நாலு தடவை சொல்லியாச்சு" என்று ஒருவர் சொன்னால், விற்றவருக்குத் தெரியும் என்பது அங்கேயே நிலைநிற்கும். பக்கத்து வீட்டார், பெயின்டர், பட்டி வேலை செய்தவர், பால்ஸ் சீலிங் போட்டவர் எல்லோரும் தெருவிலேயே இருப்பார்கள். விற்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரே ஒரு அறைக்கு மட்டும் பிவிசி பலகை அடித்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

பொறியாளர் அறிக்கை இல்லாமல் எந்த வாசலுக்கும் போகாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரிடமோ, பொறியியல் கல்லூரிக் கட்டடவியல் துறையிலோ கட்டணம் கட்டிக் கேட்கலாம். 'கட்டடம் மோசமாக உள்ளது' என்று பொதுவாக எழுதிய அறிக்கையால் பயனில்லை. பழுதுக்குக் காரணம் என்ன, அது விற்பனைத் தேதிக்கு முன்பே இருந்ததா, சாதாரணமாகச் சுற்றிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா, சரிசெய்யப் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலின்படி எவ்வளவு ஆகும் என்ற நான்கு கேள்விக்கும் நேரடியாகப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

சோதனைகளும் எளியவைதான். கான்கிரீட்டில் புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை போன கான்கிரீட் நிறம் மாறாது. சாதாரண வீட்டுத் தளத்தில் கம்பிக்குப் பொதுவாக 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், இருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-ன் விதி. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், அது நேற்று வந்த பழுது அல்ல என்று அறிக்கையில் எழுத முடியும். குளியலறைக் கசிவுக்கு, வடிகுழாயை அடைத்து ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 முதல் 48 மணி நேரம் கீழ்த்தளக் கூரையைக் கவனிக்க வேண்டும். விரிசலுக்கு, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி போடுவார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளம். தளத்துக்கு அடியில் கிடையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பூச்சின் மேல் வலை போலப் படரும் மயிரிழை விரிசலுக்கு வழக்குப் போட வேண்டாம், செலவுக்கே கட்டாது.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கோடையில் விரிசல் வாய் திறக்கும், மழையில் மூடும். அங்கே கோடையில் வீடு பார்க்கும்போது விரிசலே இல்லாமல் புதுப் பட்டி மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால் நின்று கேளுங்கள். ஊர்ப்பெயரிலோ நகர்ப்பெயரிலோ குளம், ஏந்தல், நேரி என்று நீர்நிலையைக் குறிக்கும் சொல் இருந்தால் வருவாய்த்துறையின் அ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. தூர்த்த இடத்தில் போட்ட அஸ்திவாரம் சீராக இறங்காது. செல்லூரில் 2024 அக்டோபர் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. அந்த மாதிரித் தெருவில் வெள்ளத்தில் நின்ற வீடு என்பதை விற்பவர் சொல்லாமல் மறைப்பது, துருவை மறைப்பதற்குக் குறைந்ததல்ல என்பது எங்கள் கருத்து.

அறிக்கை கைக்கு வந்ததும் நோட்டீஸ். ஒப்புதலுடன் கூடிய தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அதன் படத்தை அனுப்பி வையுங்கள். பழுது என்ன, எப்போது தெரிந்தது, எவ்வளவு செலவாகும் என்று எழுதி, ஒரு தேதி குறிப்பிட்டு, 'உங்கள் பொறியாளரோடு நேரில் வந்து பாருங்கள்' என்று அழைப்பு வைக்க வேண்டும். 15 நாள் அவகாசம் போதும், ரெரா என்றால் 30 நாள். வந்து பார்த்தால் பேசித் தீர்க்கலாம். வராவிட்டால், பார்க்க மறுத்தார் என்பதே உங்கள் பக்கம் ஒரு சான்று. கட்டுநர் ஆள் அனுப்பி மேலோட்டமாக ஒட்டுப்போட்டுவிட்டு 'முழுத் திருப்தி' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். 'இன்ன தேதியில் இன்ன வேலை செய்தார்கள், ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்.

உரிமையியல் வழக்கென்றால், வழக்கு மனுவோடு சேர்த்தே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-ன்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போட வேண்டும். அவர் பொறியாளரோடு வந்து பார்த்து, அளந்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார். அதன் பிறகு நீதிமன்ற அனுமதியோடு பழுது பார்த்துக்கொண்டு, செலவை வழக்கில் கேட்கலாம். வழக்கு முடியும்வரை ஒழுகும் வீட்டில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

காலவரம்பைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. மோசடியைச் சொல்லிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. நஷ்டஈட்டு வழக்குக்கும் பொதுவாக 3 ஆண்டுதான், மோசடியாக மறைத்திருந்தால் காலவரம்புச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி அது கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடும். 'அடுத்த மாசம் ஆள் அனுப்புறோம்' என்ற வாய்ச்சொல் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நீங்கள் அனுப்பும் இரண்டாவது, மூன்றாவது நோட்டீஸும் நிறுத்தாது. இனிக்க இனிக்கப் பேசி இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவது தெரிந்தே செய்யும் தந்திரம். மஞ்சள் வட்டத்தைப் பார்த்த தேதியை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள், கணக்கு அங்கிருந்து தொடங்கும்.

செலவுக் கணக்கும் சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் எந்த அடுக்கு என்பதை நீங்கள் கட்டிய விலையே தீர்மானிக்கும், கேட்கும் இழப்பீடு அல்ல. 50 லட்சம் வரை மதுரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். கட்டுநர் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம், சென்னை நீதிமன்றம் என்று எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் மேலும் 15 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஆணையமே அவகாசம் தர முடியாது. புகாரை 3 மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ரெராவில், சரிசெய்து தர உத்தரவு வேண்டுமென்றால் ஆணையத்திடம் 'எம்' படிவத்திலும், இழப்பீடு வேண்டுமென்றால் அதைத் தீர்மானிக்கும் அலுவலரிடம் 'என்' படிவத்திலும் மனுச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் பாதி கோரிக்கை நிற்காமல் போகும். உத்தரவுப்படி பணம் வராவிட்டால் நில வருவாய் நிலுவை போல வசூலிக்க வழியுண்டு. அந்த வசூல் மெதுவாகத்தான் நகர்கிறது, விடாமல் பின்தொடர வேண்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் 3 சதவீதம். 6 லட்சம் பழுதுச் செலவு கேட்டால் 18,000 ரூபாய். 50 லட்ச ரூபாய்ப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்டால் 1,50,000. பத்திரச் செலவாக முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஏற்கெனவே 9 சதவீதம், அதாவது 4,50,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ரத்து கேட்பவர் அதையும் நஷ்டத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். அஸ்திவாரமே இறங்குகிறது, வீடு குடியிருக்க லாயக்கில்லை என்ற நிலை தவிர, மற்றவற்றில் பத்திர ரத்தைவிடப் பழுதுச் செலவும் நஷ்டஈடும் கேட்பதே நல்லது என்பது எங்கள் அனுபவ முடிவு. ரத்துதான் வேண்டுமென்றால் தாமதம் கூடாது. பழுது தெரிந்த பிறகும் மாடி எடுத்துக் கட்டியவரிடம், வாடகைக்கு விட்டவரிடம், 'ஒப்புக்கொண்டுதானே அனுபவித்தீர்கள்' என்று நீதிமன்றம் கேட்கும்.

ஒரு கசப்பான விஷயம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுத்தவர்கள், ரத்து வழக்கில் அந்த ரொக்கத்தைத் திரும்பக் கேட்க முடியாமல் தவிக்கிறார்கள். நீதிமன்றத்துக்குத் தெரிவது பத்திரத்தில் உள்ள விலை மட்டுமே. அதே போல வங்கிக் கடன் இருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். விற்றவர் செய்த தப்புக்கு வங்கியிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார் என்பதும் கட்டடத்துக்கு உத்தரவாதம் ஆகாது, அவர் வந்தது வங்கிக்காக.

காவல் நிலையத்துக்கு ஓடுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். தெரிந்தே ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு இருக்கிறதுதான். ஆனால் கட்டடப் பழுதுப் புகாரை 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவதே வழக்கம். போலிக் கட்டட அனுமதி, போலிச் சான்று என்று ஏதாவது இருந்தால் மட்டும் அங்கே நேரம் செலவிடுங்கள். செலவில்லாமல் பேசித் தீர்க்க விரும்பினால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

இனி வாங்கப் போகிறவர்களுக்கும், மதுரை மாவட்டப் பத்திர எழுத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கிரயப் பத்திரங்களில் 'எவ்வித வில்லங்கமும் இல்லை, ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்' என்ற வரி தவறாமல் இருக்கிறது. அது உரிமை மூலத்தைப் பற்றியது, சுவரையும் தளத்தையும் தொடுவதில்லை. அதற்கு எதிராக, 'வாங்குபவர் நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்து' என்ற வரியும் தவறாமல் இருக்கிறது. வழக்கு வந்தால் விற்றவரின் வழக்கறிஞர் முதலில் வாசித்துக் காட்டுவது அதைத்தான். கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டுமே அந்தத் திருப்தி என்று வாதாடலாம், வாதாடி வென்றும் இருக்கிறார்கள். ஆனால் வாதாடும் நிலைக்கே போகாமல் இருக்க, கிரய ஒப்பந்தத்திலும் பத்திரத்திலும் கீழ்க்கண்ட பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டால்தான் விற்பவர் சம்மதிப்பார். உண்மையாக விற்பவருக்கு இதில் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது. தயங்கினால் எந்தச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

"மேற்படி வீட்டின் அஸ்திவாரம், சுவர், மேல்தளம், குளியலறை, கீழ்நிலை நீர்த்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பி அமைப்பு ஆகியவற்றில் எனக்குத் தெரிந்த பழுதுகளும், கடந்த ஐந்து ஆண்டுகளில் நான் செய்த பழுதுபார்ப்பு வேலைகளும், மழைநீர் வீட்டினுள் புகுந்த விவரமும் இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் கண்டவை மட்டுமே. இவை தவிர எனக்குத் தெரிந்து வேறு பழுது ஏதும் இல்லை. நான் தெரிந்தே தெரிவிக்காமல் விட்ட பழுது பின்னிட்டு வெளிப்படும் பட்சத்தில், அதைச் சரிசெய்யும் செலவையும் அதனால் தங்களுக்கு ஏற்படும் நஷ்டத்தையும் நானும் என் வாரிசுகளும், என்னிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் சொத்தின் அளவுக்கு, ஈடுசெய்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்ததாக இப்பத்திரத்தில் கண்ட வாசகம் மேற்படி மறைந்த பழுதுகளுக்குப் பொருந்தாது."

இணைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். 'ஏதும் இல்லை' என்றால் அதையும் விற்பவர் தம் கையாலேயே எழுத வேண்டும், வெற்றிடமாக விடக் கூடாது.

இப்படிக்கு,
உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரும் கட்டடப் பொறியாளர் ஒருவரும்,
மதுரை.